அழுக்குக்கும் ஒரு காரணம் வேண்டும்: சென்னையில் மாதிரி ரயில் கட்டத் தொடங்குகிறவர்களுக்கு

மாதிரி ரயில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எவ்வளவு இடம் வேண்டும்?" என்பதைத்தான். பெரம்பூரில் இரண்டு படுக்கையறை வீட்டில் இருந்துகொண்டு இதைச் செய்கிறவன் என்பதால் எனக்குப் பதில் சுலபம்: ஒரு செருப்புப் பெட்டியின் மூடி அளவு. முதல் மூன்று மாதங்களுக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. நீங்கள் முதலில் செய்யப்போவது ஸ்டேஷனும் பாலமும் மலையும் அல்ல. ஒரே ஒரு சரக்கு வேகன்.

நான் தலைகீழாகத் தொடங்கியவன். சிறு வயதில் கொலுப் பூங்காவைச் சுற்றி ஓடிய சாவி ரயில் தலைக்கு ஏறி, வேலைக்குப் போன முதல் வருடமே ஆறடிக்கு நாலடிப் பலகை வாங்கி, முட்டை வடிவத்தில் தண்டவாளம் போட்டேன். ரயில் சுற்றியது. இரண்டாம் வாரம் சுற்றுவதைப் பார்க்க எனக்கே அலுத்தது. நவராத்திரி வந்தபோது கொலுப்படிக்கு இடம் வேண்டும் என்றார் அம்மா. பலகை பரண் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை. ஒரு வேகனை உருப்படியாகச் செய்து, அதற்கு அழுக்கேற்றி, மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தவன் இந்தப் பொழுதுபோக்கை விடுவதில்லை. வட்டம் சுற்ற விட்டவன் விட்டுவிடுகிறான்.

எந்த அளவு?

கடைகளில் கிடைக்கும் மாதிரிகளில் எச்.ஓ. என்பது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. ஓ.ஓ. என்பது 76இல் ஒரு பங்கு, பிரிட்டிஷ்காரர்களின் வழக்கம். இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான். ‘என்’ (N) என்ற அளவு 160இல் ஒரு பங்கு, தண்டவாளம் 9 மி.மீ. சென்னை வீடுகளுக்கு இந்த ‘என்’ அளவு பொருத்தமாகத் தோன்றும். ஆனால் கையால் செய்து பழகுகிறவருக்கு அது கண்ணைக் கெடுக்கும் வேலை. எச்.ஓ.வில் தொடங்குங்கள்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. நம் அகலப் பாதை 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. கடைத் தண்டவாளமோ 1,435 மி.மீ. பாதைக்காகச் செய்யப்பட்டது, 16.5 மி.மீ.தான். ஆக, நம் வண்டியை அதில் ஏற்றினால், சற்றுக் குறுகிய கால்களில் அகன்ற உடம்பு நிற்பதுபோல இருக்கும். இதைச் சகிக்காமல் 19.3 மி.மீ. தண்டவாளத்தைத் தாங்களே ஆணி அடித்துச் செய்கிறவர்கள் உண்டு. அவர்களை வணங்குகிறேன், பின்பற்றவில்லை. பக்கவாட்டில் பார்க்கும்போது அந்த மூன்று மில்லிமீட்டர் யார் கண்ணிலும் படாது.

கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் போய் வந்த தலைமுறை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1931இல் தொடங்கி 2004 வரை ஓடிய அந்த வண்டிகளுக்கு, 87இல் ஒரு பங்கில் 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறைய அச்சாகப் பொருந்துகிறது. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களுக்காகச் செய்து விற்பதை எழும்பூருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் பார்க்கப் போங்கள்

கத்தியைத் தொடுவதற்கு முன் இரண்டு நாள் வேடிக்கை பாருங்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயில் ஏறி, கொருக்குப்பேட்டை, எண்ணூர், அத்திப்பட்டு என்று ஏதாவது ஒரு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தால் நிலக்கரி ரேக்குகள் போகும், வரும். பேசின் பிரிட்ஜில் பயணிகள் பெட்டிகளை நிதானமாகப் பார்க்கலாம். பழைய வண்டிகளை நெருங்கிப் பார்க்க, வில்லிவாக்கத்துக்கு அருகே ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. டிக்கெட் எடுத்து, பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டப்படி குற்றம், அதைவிடவும் உயிருக்கு ஆபத்து. படம் எடுக்க வேண்டாம் என்று காவலர் சொன்னால் போனைப் பைக்குள் வைத்துவிட்டு நோட்டில் வரையுங்கள். வரைகிற கைதான் அதிகம் பார்க்கிறது என்பது என் அனுபவம்.

பார்க்கும்போது மனதில் ஒரே கேள்வி இருக்கட்டும்: இந்த அழுக்கு இங்கே எப்படி வந்தது? மேலிருந்து விழுந்ததா, கீழிருந்து தெறித்ததா, உள்ளிருந்து கசிந்ததா, மனிதக் கை பட்டதா, மழை இழுத்துக்கொண்டு வந்ததா? இந்த ஐந்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வேகன்: ஒரு மாலை வெட்ட, ஒரு வாரம் செதுக்க

நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகனைச் சிபாரிசு செய்கிறேன். காரணம் எளிது: அது ஒரு திறந்த பெட்டி. கூரை இல்லை, ஜன்னல் இல்லை, வளைவு இல்லை. அதன் உள்ளளவு 9,784 மி.மீ. நீளம், 2,950 அகலம், 1,950 உயரம். 87ஆல் வகுத்தால் 112.5, 34, 22.5 மி.மீ. தண்டவாளத்திலிருந்து மேல் விளிம்பு வரை நிஜத்தில் 3,225 மி.மீ., உங்கள் மேசையில் 37 மி.மீ.

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வெள்ளை ஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) தகடு வாங்குங்கள். மாதிரிக் கட்டடம் செய்யும் கட்டடக்கலை மாணவர்கள் வாங்குகிற கடைகளில் கிடைக்கும். தரைப்பலகை 112.5க்கு 34. இரண்டு முனைகள் 34க்கு 23.5. இரண்டு பக்கங்கள் 114.5க்கு 23.5. கூடுதலாக வரும் ஒரு மில்லிமீட்டர்கள் தகட்டின் கனத்துக்காக. ஸ்டைரீனை அறுக்கக் கூடாது. எஃகு அடிஸ்கேல் வைத்து, கத்தியால் மூன்று முறை லேசாகக் கீறி, கீறலோடு மடக்கினால் பிஸ்கட்போல ஒடியும். முதல் கீறலிலேயே அழுத்துகிறவர்களுக்கு ஸ்கேல் நழுவும், விரலும் போகும்.

ஒட்டுவதற்கு ஸ்டைரீனைக் கரைத்து இணைக்கும் திரவப் பசைதான் சரி. இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, மெல்லிய தூரிகையால் இடுக்கில் ஒரு சொட்டு வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபெவிக்விக் அவசரத்துக்கு உதவும், ஆனால் மூலை கோணலாக ஒட்டிவிட்டால் திருத்த நேரம் தராது. மூலைமட்டம் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஒரு தீப்பெட்டியின் மூலை போதும்.

பெட்டி நின்ற பிறகு வெளிப்பக்கத்தில் செங்குத்துத் தூண்களை அரை மில்லிமீட்டர் பட்டைகளாக ஒட்டுங்கள். எத்தனை தூண், எந்த இடைவெளி என்பதை நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்து எண்ணுங்கள். கீழ்ப்பக்கக் கதவுகளும் அப்படித்தான். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தூண்கள் ஒரே இடைவெளியில் நிற்காவிட்டால் எவ்வளவு அழகாக வண்ணம் அடித்தாலும் வேகன் பல் விழுந்த வாய்போல இருக்கும்.

சக்கரத் தொகுதியை, அதாவது போகியை, விலைக்கு வாங்குங்கள். (ரயில் பெட்டியையே போகி என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் உண்டு. மாடலர்கள் மத்தியில் போகி என்றால் சக்கரங்கள் மாட்டிய அடித்தொகுதி மட்டும்.) உலோகச் சக்கரம் கேட்டு வாங்குங்கள். இரு சக்கரங்களின் உட்புற முதுகுகளுக்கு இடையே சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். வண்டி பாயின்ட்டில், அதாவது தடம் பிரியும் இடத்தில், தடம் புரண்டால், பத்தில் எட்டு முறை குற்றவாளி இந்த அளவுதான். இணைப்புக்கு, நம் சரக்கு வேகன்களில் இருப்பது நடுவில் கைகோக்கும் கொக்கி இணைப்பு என்பதால் அமெரிக்க பாணிக் கொக்கிகள் அப்படியே பொருந்தும். பழைய ஐ.சி.எஃப். பெட்டி செய்யும்போது முனைகளில் பக்கத்துக்கு ஒரு பஃபர் (மோதலைத் தாங்கும் முட்டு) வைக்க மறக்காதீர்கள்.

எடை முக்கியம். அமெரிக்க மாடலர்களின் பழைய கணக்கு ஒன்று: ஆரம்பத்துக்கு 28 கிராம், பிறகு நீளத்தில் அங்குலத்துக்கு 14 கிராம். கொக்கிக்குக் கொக்கி பாக்ஸ்-என் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஆகவே மொத்தம் நூறு கிராமுக்கு அருகில் வர வேண்டும். திறந்த வேகனில் எடையை எங்கே ஒளிப்பது? நிலக்கரிக்கு அடியில். டயர் கடையில் சக்கரம் சமன்செய்ய ஒட்டும் எஃகுத் துண்டுகள் தட்டையானவை, பின்னால் பசையோடு வருகின்றன. புதுப்பேட்டையில் கேட்டால் ஒரு பட்டையாகவே கிடைக்கும். மேலே மெல்லிய அட்டையை மேடாக வளைத்து ஒட்டி, அதன்மேல் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய அடுப்புக்கரியை உடைத்து, டீ வடிகட்டியில் சலித்துத் தூவுங்கள். ஃபெவிகாலில் மூன்று பங்கு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டால் மறுநாள் இறுகிவிடும். கரி மங்கலாகத்தான் இருக்கும். அங்கங்கே பளபளப்பு வார்னிஷ் தொட்டுவிடுங்கள், நிலக்கரி ஆகிவிடும்.

வண்ணம் அடிக்க நேரம் பாருங்கள்

வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நம் ஊர்க் காற்றில் நிறைய தண்ணீர் இருக்கிறது. ஸ்ப்ரே டப்பாவிலிருந்து வரும் வண்ணத்தின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்று அதன்மேல் படிந்து, வண்ணம் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் ஸ்ப்ரே அடிப்பதை நான் விட்டுவிட்டேன். அந்த மாதங்களில் அக்ரிலிக்கும் தூரிகையும்தான். கோடையில், காலை பத்து மணிக்கு மேல், கடல்காற்று ஏறுவதற்கு முன் உள்ள இரண்டு மணி நேரம் நல்லது. ஆடியில் வேண்டவே வேண்டாம். அம்மியைப் பறக்கடிக்கும் காற்று, பக்கத்து மாடியில் காயும் மிளகாயின் விதையைக் கொண்டுவந்து உங்கள் ஈர பிரைமரில் (அடிப்பூச்சில்) ஒட்டாமல் விடாது. என் இரண்டாவது வேகனின் இடது பக்கத்தில் அந்த விதை இன்னும் இருக்கிறது. துருவேறிய மேடு என்று விருந்தினர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வண்ணம் அடிக்கும் முன் பாத்திரத் திரவத்தில் கழுவி உலர்த்துங்கள், விரல் எண்ணெய் போக வேண்டும். பிறகு சாம்பல் பிரைமர், மெல்லிதாக இரண்டு பூச்சு. அதன்மேல் செங்காவிப் பழுப்பு. டப்பாவிலிருக்கும் நிறத்தை அப்படியே அடிக்காதீர்கள். சிறிய பொருளில் அது கருமையாகத் தெரியும், ஒரு துளி வெள்ளையோ இளமஞ்சளோ கலந்து வெளிரச் செய்யுங்கள். எழுத்துக்களுக்கு வெள்ளை மையில் அச்சிடும் வசதி வீட்டு அச்சுப்பொறியில் இல்லை. வெள்ளை நிற நீர் ஒட்டுத்தாளில், வேகனின் பழுப்பைப் பின்னணியாகவும் எழுத்தை வெறுமையாகவும் லேசர் அச்சில் எடுத்தால் வேலை முடிந்தது. விளிம்பில் நிறம் சற்றே வேறுபடும். கவலை வேண்டாம், அழுக்கு மறைத்துவிடும்.

அழுக்கேற்றுதல்

இதற்காகத்தான் இவ்வளவும். ஆங்கிலத்தில் இதை வெதரிங் என்கிறார்கள், நாங்கள் பேச்சில் அழுக்கேற்றுவது என்போம். புதிதாகச் செய்கிறவர்களின் குறை எப்போதும் ஒன்றுதான். அழுக்கு குறைவாக இருக்காது, ஊரெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வண்டி முழுக்கத் துருப் பொடியைத் தடவினால் அது பழைய வண்டி ஆகாது, மண்ணில் புரண்ட புது வண்டி ஆகும்.

முதலில் மங்கச் செய்யுங்கள். அடிநிறத்தை இன்னும் வெளிரக் கலந்து, தண்ணீராக நீர்த்து, மேல் பாதியில் மட்டும் ஒரு பூச்சு. சென்னை வெயில் மேலிருந்துதான் அடிக்கிறது. காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை. பளபளப்பு எதற்கு என்று கேட்பீர்கள். அடுத்து வரும் நீர்த்த வண்ணம் வழுக்கிக்கொண்டு போய் இடுக்குகளில் மட்டும் தேங்குவதற்காக. கரும்பழுப்பு அக்ரிலிக்கை டீ டிகாக்ஷன் பதத்துக்கு நீர்த்து, தூண்களின் ஓரம், கதவின் கீல், மூலைகள் ஆகிய இடங்களில் தூரிகை முனையால் தொடுங்கள். அது தானாக ஓடும். சமதளத்தில் வழிந்ததை ஈரப் பஞ்சால் துடையுங்கள், எப்போதும் மேலிருந்து கீழே. மழை வேறு திசையில் ஓடுவதில்லை.

துரு அடுத்தது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளி, கரும்பழுப்பில் தோய்த்து, பெரும்பகுதியைக் காகிதத்தில் ஒற்றியெடுத்துவிட்டு, மிச்சத்தை வேகனில் ஒற்றுங்கள். எங்கே? வேலை நடக்கிற இடத்தில். பாக்ஸ்-என் வேகனை அனல்மின் நிலையங்களில் இயந்திரம் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்க்கிறது. ஆகவே மேல் விளிம்பு அடிபட்டிருக்கும். உட்புறத்தில் நிலக்கரி உரசி உரசி வண்ணமே இருக்காது, செந்துருவும் கரித்தூளும் மட்டும். பக்கத் தகடுகள் உள்ளிருந்து புடைத்திருக்கும் இடங்களில் வண்ணம் செதில் செதிலாகப் போயிருக்கும். கடலோரம் நிற்கும் வண்டிகளில் துரு இன்னும் சீக்கிரம் வரும். எண்ணூர் உப்புக்காற்று அதற்குப் போதும். பெரிய துருத் திட்டிலிருந்து மெல்லிய ஒரு கோடு கீழே இழுத்துவிடுங்கள், ஆனால் எல்லாத் திட்டிலிருந்தும் அல்ல.

பொடிகளுக்கு வெளிநாட்டுக் குப்பிகள் விற்கின்றன, விலையும் அதற்கேற்ப. நான் கோலத்துக்குக் காவி கட்டும் செங்காவிக் கட்டியை உரசி, வேட்டித் துணியில் சலித்து வைத்திருக்கிறேன். அதுவும் இரும்பு ஆக்ஸைடு, துருவும் இரும்பு ஆக்ஸைடு. நிறம் பொய் சொல்லாது. புகைக்கு அடுப்புக்கரித் தூள். சிமென்ட் படிந்த மூடிய வேகனுக்கு விபூதி. அம்மா முதலில் முறைத்தார், பிறகு அவரே ஒரு பொட்டலம் எடுத்து வைத்தார். குங்குமத்தைத் தொடாதீர்கள், சாயம் வார்னிஷில் கரைந்து ஓடும். மஞ்சள்தூள் வெளிச்சத்தில் நிறம் போய்விடும்.

மங்கல் வார்னிஷ் அடித்து, அது காய்ந்த பிறகு பொடியைத் தூரிகையால் தேய்த்துப் பூசுங்கள். சொரசொரப்பான மேற்பரப்பில்தான் பொடி நிற்கும். போகிகளுக்கும் அடிச்சட்டத்துக்கும் காவியோடு கொஞ்சம் கரியைக் கலந்த பழுப்பு. சக்கரமும் தண்டவாளமும் பிரேக் கட்டையும் தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் துருப்பிடித்துக் கீழ்ப்பகுதி முழுக்க ஒட்டும் நிறம் அது. சக்கரத்தின் ஓடும் விளிம்பை மட்டும் துடைத்துப் பளபளப்பாக விடுங்கள். பொடியின்மேல் மறுபடி வார்னிஷ் அடித்தால் பாதி மறைந்துவிடும். அதனால் கை படாத இடத்தில் அடிக்காமலே விட்டுவிடுகிறேன்.

வேறு வண்டிகளுக்கு அழுக்கின் கதை வேறு. எண்ணெய் டாங்கரில் மேல் மூடியிலிருந்து இருபுறமும் கறுப்பாக வழிந்திருக்கும், அந்தக் கறுப்பு பளபளக்கும். டீசல் இன்ஜினில் புகைபோக்கியைச் சுற்றிக் கூரை கறுத்திருக்கும், எரிபொருள் ஊற்றும் வாயின் கீழே ஈரக்கறை. மின்சார இன்ஜினில் கூரைதான் அதிக அழுக்கு. மின்கம்பியில் பான்டோகிராஃப் உரசும் தூள் எல்லாம் அங்கேதான் விழுகிறது. பயணிகள் பெட்டிகளைக் கழுவும் இயந்திரத்தின் தூரிகைகள் பக்கங்களைத்தான் தேய்க்கின்றன, பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள முனைச் சுவர்களை அவை தொடுவதில்லை. ஆகவே பக்கம் ஓரளவு சுத்தம், முனை படு அழுக்கு. ஜன்னலுக்குக் கீழே யாரோ கை கழுவிய தடம். புறநகர் மின்சார ரயிலில் கதவோரக் கம்பியும் அதைச் சுற்றியுள்ள தகடும் லட்சம் கைகள் பிடித்துக் கறுத்திருக்கும்.

எங்கே நிறுத்துவது? போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பு. மறுநாள் காலை வெளிச்சத்தில் பாருங்கள். இரவு மேசை விளக்கு நம்மை ஏமாற்றும். கடைசியாக, கூர்மையாகச் சீவிய வெள்ளைப் பென்சிலால் பக்கத்தில் இரண்டு எழுத்து, ஒரு எண், ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். யார்டில் சாக்கட்டியால் யாரோ எழுதிய குறிப்புப்போல. இத்தனூண்டு வேலைதான், ஆனால் வேகனுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் நின்று எழுதியதுபோலத் தோன்ற வைப்பது அதுதான்.

இன்ஜின்: பாதி வாங்குங்கள், பாதி செய்யுங்கள்

மோட்டாரும் பற்சக்கரமும் கொண்ட ஓடும் அடிச்சட்டத்தை நீங்களே செய்ய நினைக்க வேண்டாம், முதல் இன்ஜினில் மட்டுமாவது. நம் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜின் பிறந்தது அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பில். முதல் இன்ஜின்கள் 1962இல் அங்கிருந்துதான் வந்தன. மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இல்லாத அதன் போகி ஆல்கோவின் கையெழுத்து. அதே வகைப் போகி உள்ள அமெரிக்க ஆறு அச்சு மாதிரியைப் பழைய விலைக்குத் தேடி, அதன்மேல் நம் உடலைப் பொருத்துவது நல்ல வழி. வாங்கும் முன் அச்சு இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

உடலை ஸ்டைரீனில் செய்யலாம், முப்பரிமாண அச்சில் எடுத்தும் பெறலாம். அச்சில் எடுத்தால் மேலே படியும் வரிகளை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: மலிவாக அச்சிடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். மே மாதம் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். அச்சுக் கடையிலிருந்து வாங்கிய இன்ஜின் உடலைப் பின்சீட்டில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது வெயிலில் வைத்த அப்பளம்போல முதுகு வளைந்து கிடந்தது.

வண்ணம் அடிக்கும் முன் அடிச்சட்டத்தை அரை மணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். பற்சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும், இரண்டாவது சொட்டு தண்டவாளத்துக்குப் போய்ச் சேரும். பொடி அழுக்கை உடலில் மட்டும் பூசுங்கள். மோட்டாருக்குள் காவி போனால் கேட்கிற சத்தம் நன்றாக இருக்காது.

பலகையும் தண்டவாளமும்

வேகன் நான்கு, இன்ஜின் ஒன்று என்று ஆனபிறகு பலகைக்கு வாருங்கள். 120க்கு 30 செ.மீ. போதும். பீரோவின் மேலே வைக்கலாம், கொலு வந்தாலும் பிழைக்கும். இரண்டு பாயின்ட், மூன்று தடங்கள், ஒரு சரக்குக் கொட்டகை. வண்டியைக் கோத்து, பிரித்து, மாற்றி நிறுத்துவதிலேயே ஒரு மாலை போய்விடும். வளைவு போடத்தான் வேண்டும் என்றால் ஆரம் 60 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். ஐ.சி.எஃப். பெட்டி எச்.ஓ.வில் ஏறக்குறைய 245 மி.மீ., புதிய வகை எல்.எச்.பி. பெட்டி 270. பொம்மை ரயில் வளைவில் அவை மூலையில் திரும்பும் பெஞ்சுபோல நீட்டிக்கொண்டிருக்கும்.

பிளைவுட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் வகை, 12 மி.மீ., அடியில் குறுக்குச் சட்டங்கள். மலிவான பலகை இரண்டு மழைக்காலம் தாங்காது. வெட்டிய விளிம்புகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடியுங்கள். அங்கிருந்துதான் ஈரமும் கரையானும் உள்ளே போகின்றன.

தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும். இரும்புத் தண்டவாளம் இந்த ஊரில் ஒரு கார்த்திகைக்குள் துருவேறும், அந்தத் துருவுக்கு மின்சாரம் பிடிக்காது. வளையக்கூடிய 914 மி.மீ. துண்டுகளாக வாங்கி, கார்க் தகட்டின்மேல் ஒட்டுங்கள். இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள். ஒரு மீட்டர் உலோகம் மார்கழிக்கும் சித்திரைக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்தான் நீளும், ஆனால் ஈரத்துக்குப் பலகை நீள்வதும் சுருங்குவதும் அதைவிட அதிகம். இடைவெளி விடாத என் முதல் தடம் ஒரு மே மாதத்தில் மெல்ல மேலே எழுந்து நின்றது.

மின்சாரத்துக்கு ரிச்சி தெரு. 12 வோல்ட், ஓரிரு ஆம்பியர் டி.சி. அடாப்டர் ஒன்று, மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு போர்டு ஒன்று, திசை மாற்ற ஆறு கால் உள்ள டி.பி.டி.டி. சுவிட்ச் ஒன்று. நடுக் கால்கள் இரண்டும் தண்டவாளத்துக்கு, ஒரு முனைக் கால்கள் இரண்டும் மின்சாரத்துக்கு, மறுமுனைக் கால்களுக்கு முதல் முனையிலிருந்து குறுக்காக இரண்டு கம்பி. சுவிட்சைத் தள்ளினால் நேரும் எதிரும் இடம் மாறும், ரயில் பின்னால் போகும். இடையில் ஒரு ஃபியூஸ் வையுங்கள். அடாப்டரைத் தாண்டி 230 வோல்ட் எதையும் திறந்து பார்க்க வேண்டாம். இணைப்புத் தகடுகளை நம்பாமல் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாகக் கம்பி சால்டர் செய்யுங்கள். இன்று சோம்பினால் அடுத்த வருடம் பலகையைக் கவிழ்த்துத் தேட வேண்டியிருக்கும்.

ஜல்லிக்குக் கடற்கரை மணலை அள்ளிவராதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நிஜ ரயில் பாதையின் பெரிய ஜல்லி 65 மி.மீ. இருந்தால், எச்.ஓ.வில் அது முக்கால் மில்லிமீட்டர், உப்புமா ரவை அளவு. கட்டட வேலை நடக்கும் இடத்தில் எம்-சாண்ட் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ரவையையே போடலாமே என்று ஒருவர் போட்டார். மூன்றாம் நாள் அவர் தண்டவாளத்தில் எறும்புகள் ரயில் விட்டன. தூவி, தூரிகையால் ஒதுக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்து நனைத்து, பிறகு முன்பு சொன்ன ஃபெவிகால் தண்ணீரைச் சொட்டு விடுங்கள். பாயின்ட்டின் அசையும் நாக்குகளுக்குப் பக்கத்தில் மட்டும் கையைக் கட்டுங்கள்.

செடி கொடிக்கு நம் தண்டவாள ஓரத்தைப் பார்த்தாலே போதும்: சீமைக் கருவேலம், எருக்கு, காய்ந்த புல், அங்கங்கே ஒரு பனை. காய்ந்த துளசிக் கதிரைக் கிள்ளி நட்டால் மரக்கன்று ஆகிவிடும். தேங்காய் நாரை அரை அங்குலத்துக்கு வெட்டி நட்டால் புல். காய்ந்த டீத்தூளை மண்ணாகத் தூவச் சொல்வார்கள். மழைக்காலத்தில் அது பூஞ்சை பூத்து வெண்பஞ்சாகும், தூவ வேண்டாம். பின்னணிக்கு ஒரு நீண்ட மதில், அதில் பாதி அழிந்த சுவர் விளம்பரம். அந்த மதிலுக்கும் வேகனுக்குச் சொன்ன கேள்வியே: ஈரம் எங்கிருந்து ஏறியது, பாசி எந்தப் பக்கம்?

ஓட்டாத நாட்களில் பலகைமேல் ஒரு மூடி போட்டு வையுங்கள். பழைய புடவை வேண்டாம், அதன் நூல் இழைகள் அச்சில் சுற்றிக்கொள்ளும். மாதம் ஒருமுறை, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த டிஷ்யூ காகிதத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு போகியை அதன்மேலும் மறு போகியை மின்சாரம் உள்ள தடத்திலும் நிறுத்திப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடுங்கள். காகிதத்தில் கறுப்பாக இணைகோடுகள் விழும். உங்கள் பலகையில் தூரிகை படாமல், ரயில் தானே ஓடிச் சேர்த்த அழுக்கு அது ஒன்றுதான். அதைத்தான் முதலில் துடைக்க வேண்டியிருக்கிறது.